மாமாவின் அப்பா ஓடிப்போனவர் இல்லை

ஆவணி 26, வியாழன்

காலையிலிருந்து மூட்டம், புழுக்கம், ஒரு சொட்டு மழை இல்லை. தபால் பிரித்தபோது கூடத்தில் இருந்தவர்கள்: மாமா, அவர் பிள்ளையான இவர் (இன்று மதிய ஷிப்ட்), நான், தெருச் சங்கச் செயலாளர் தனபால், சிலிண்டர் கொண்டுவந்த ஆள். அவ்வளவுதான். வீட்டுக்கு வீடு சேதி சொல்கிற சிலிண்டர் ஆள் மட்டும் இல்லாதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பட்டாளத்தார் தெருவுக்கு விஜயதசமியன்று நினைவுக் கல் வைக்கிறார்கள். உலகச் சண்டை முடிந்து வந்து கொள்ளிடக் கரையோரம் முள்ளை வெட்டி முதன்முதல் குடியேறிய ஏழு சிப்பாய்களின் பெயர் அதில். ஏழில் முதல் ஆள் மாமாவின் அப்பா ரெங்கசாமி. தெருவில் முதல் குடிசை, முதல் கிணறு இரண்டும் அவருடையது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் பட்டாளத்து ஆவண நகல் வாங்கித் தரவேண்டும் என்று சங்கத்தில் முடிவு. நாங்களும் எழுதிப் போட்டிருந்தோம். இன்று வந்தது.

தனபால்தான் வாசித்தார், இங்கிலீஷ் என்பதால். பாதியில் நிறுத்தினார். "படிங்க தம்பி" என்றார் மாமா.

ரெங்கசாமி. நீளமாக ஒரு பட்டாள எண். தகப்பனார் முத்துக்கருப்பன். லால்குடி தாலுகா. கப்பல் ஏறுமுன்பே பணியிலிருந்து ஓடியவர். சலுகை எதற்கும் உரியவர் அல்ல.

மாமா காகிதத்தை வாங்கி இரண்டாக மடித்து, நாலாக மடித்து, இவரிடம் கொடுத்தார். "பர்மாவுல குண்டு பட்ட காலோடதான் இந்தக் கிணத்தை வெட்டினார்." சுவரைப் பார்த்துச் சொன்னார். தனபாலுக்கும் வருத்தம்தான். ஆனால் திருத்திய கடிதம் வராமல் பெயரைப் போட்டால் மற்ற வீட்டுக்காரர்கள் கேட்பார்களாம். கேட்கத்தான் செய்வார்கள்.

சாயங்காலம் மாமா கரைக்குப் போகவில்லை. தினமும் கூட்டாளிகளோடு உட்கார்ந்து பேசும் இடம். செருப்பை வாசலிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

வாங்க: புளி, திரி, மாமாவுக்கு முழங்கால் தைலம்.

ரெங்கநாதா, எழுபத்தொன்பது வயதில் ஒருவர் தன் அப்பாவை இப்படியா இழக்கவேண்டும்?


ஆவணி 27, வெள்ளி

நல்ல வெயில். பூஜைப் பாத்திரம் எல்லாம் வெளியே எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். தீர்த்தச் செம்பு கடைசியில். மாமாவின் அப்பா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்தது. நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் என் கையில் தேய்கிறது. அடியில் எண் வெட்டியிருக்கும். பாத்திரக்கடைக்காரர் போட்ட எடை என்று மாமியார் சொல்லிவைத்தார், நானும் அப்படியே நம்பிவந்தேன். இன்று தேய்க்கும்போது கை நின்றுவிட்டது. எடைக்கு எதற்கு இத்தனை இலக்கம்?

புளிக்கையோடு உள்ளே ஓடினேன். காகிதத்தில் இருந்த பட்டாள எண்ணை இவர் படிக்க, நான் செம்பைக் கவிழ்த்துப் பார்க்க. எல்லா இலக்கமும் ஒன்றேதான், கடைசியைத் தவிர. காகிதத்தில் 9. செம்பில் 8.

மாமா கண்ணாடியைப் போட்டார், கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார். முகாமில் செம்பு மாறிப்போகாமல் இருக்க ஆளாளுக்குத் தங்கள் நம்பரை ஆசாரியிடம் கொடுத்து வெட்டிக்கொள்வார்கள் என்று அப்பா சொன்னது இப்போதுதான் ஞாபகம் வருகிறதாம். இத்தனை வருஷமாக ஏன் மாமா சொல்லவில்லை என்றேன். நீ கேக்கலையேம்மா என்கிறார்.

கணக்கு நோட்டில் புதுப் பக்கம். இடது: கேள்விப்பட்டது. வலது: கைக்கு வந்தது. மளிகைக்கு நான் வைத்திருக்கும் அதே முறை. கடையில் சொன்னது ஒரு பக்கம், பையில் வந்து சேர்ந்தது ஒரு பக்கம்.

இடது: பர்மா. காலில் குண்டு. முதல் கிணறு.
வலது: செம்பு.

அப்படியானால் 9 யார்? சேரும்போது வரிசையில் மாமாவின் அப்பாவுக்கு அடுத்தபடியாக நின்ற ஆள். அதே பெயர், அதே தகப்பன் பெயர், அதே ஊர்ப்பக்கம். இது எப்படி?

ராத்திரி உப்புமா. தேங்காய்ச் சட்னி அரைக்க மறந்தேன். யாரும் கேட்கவில்லை.


ஆவணி 28, சனி

தனபாலிடம் செம்பைக் காட்டினோம். எண் வெட்டின ஆசாரி தப்பாக வெட்டியிருக்கலாமே அண்ணி என்கிறார். சொன்ன விதம் பணிவுதான். ஆனால் நியாயமும் அதில் இருக்கிறது, அதுதான் எரிச்சல்.

சென்னையிலிருந்து சுபா போன். ஒன்பதாம் நம்பர் ஆள் யாரென்று பிடித்தால்தான் ஆவண அலுவலகம் நம்பும் என்றாள். பெற்ற பெண் பாடம் எடுக்கிறாள். சரியாகத்தான் எடுக்கிறாள்.

மாமாவைக் குடைந்தேன். குடும்பத்தில் வேறு யார் பட்டாளம் போனது? ரொம்ப நேரம் யோசித்து, சிலோன் சித்தப்பா கொஞ்ச நாள் இருந்ததாக ஒரு பேச்சு உண்டு என்றார். அப்பாவின் சித்தப்பா மகன். சிலோன் போய்ப் பல வருஷம் கழித்துத் திரும்பினவர். மாமா சிறு பையனாக இருக்கும்போது பிஸ்கட் டின் கொண்டுவந்து கொடுப்பாராம். பேர் என்ன மாமா? "பேரா? சிலோன் சித்தப்பாதான்." அதற்கு மேல் தெரியவில்லை.

அவர் பிள்ளைகள் லால்குடிப் பக்கம். மரகதம் அத்தை, அவர் தம்பி கலியபெருமாள். பேச்சுவார்த்தை இல்லை. காரணம் என் கல்யாணம்! வெற்றிலை பாக்கோடு நேரில் போய் அழைக்காமல் பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டார்கள். அன்றோடு நின்றது.

நாளை போவதென்று முடிவு. தட்டு, வெற்றிலை, பாக்கு, பழம், பூ. தபாலில் அனுப்புவதாக இல்லை.


ஆவணி 29, ஞாயிறு

சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை போய் லால்குடி பஸ். பக்கத்தில் டோல்கேட் நிறுத்தத்திலேயே ஏறியிருக்கலாம், அங்கே உட்கார இடம் கிடைக்காது என்று இவர் ஒரே பிடி. சத்திரத்திலிருந்தும் நின்றுகொண்டுதான் போனோம். இவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

வயல் முழுக்க நாற்றுப் பச்சை. மனசு குளிர்ந்தது.

மரகதம் அத்தை வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எழுபது இருக்கும். இவரை ஏற இறங்கப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"கல்யாணத்துக்குக் கூப்பிட வந்தீங்களா தம்பி? முகூர்த்தம் எப்போ?"

நான்தான் பதில் சொன்னேன்: பொண்ணு நான்தான் அத்தை, கொஞ்சம் லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்குங்க. முறம் கீழே போனது. சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனார். மோர், முறுக்கு, சாப்பாடு, மறுபடி மோர்.

நடுவில் கலியபெருமாள் மாமா வந்தார். காகிதத்தை எடுத்ததும் முகம் மாறிவிட்டது. பட்டாளமா, எங்க வீட்டுல யாரும் போகலையே என்றார். உங்கப்பா பேர் என்னன்னு மட்டும் சொல்லுங்க மாமா என்றேன். மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று எழுந்து போய்விட்டார். கொட்டிலில் மாடு ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்தது, ஜன்னல் வழியாகவே தெரிந்தது.

பஸ் ஏற்ற மரகதம் அத்தை கூட வந்தார். தம்பி வாயால் வராத விஷயத்தை அவனை முந்திக்கொண்டு தான் சொல்வது சரியில்லை என்றார். பஸ் வந்தது. நான் படியில் கால் வைத்த பிறகு காதோரம்: "மகாளய அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்க அம்மா மண்டபம் வருவான். அங்க பொய் சொல்ல முடியாதுல்ல? காதைத் திறந்து வச்சுக்க."

நோட்டில் இன்று இரு பக்கமும் காலி. ஆனாலும் வீடு வரும் வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.


புரட்டாசி 1, புதன்

தூறல். துணி காயவில்லை. கொலுப் படிக்கு மேல்வீட்டுப் பலகை கேட்டாயிற்று. பொம்மைப் பெட்டியில் கரப்பான்.

காலண்டர் தாள் பின்பக்கத்தில் வம்சம் வரைந்தேன். மேலே மாமாவின் கொள்ளுத் தாத்தா வரை தெரிகிறது. மாமா தர்ப்பணத்துக்குச் சொல்லும் பெயர்கள்தான் அதற்கு ஆதாரம். கிளையில் சிலோன் சித்தப்பா இடத்தில் ஒரு கட்டம் போட்டுக் கேள்விக்குறி. மாமா வந்து எட்டிப் பார்த்தார். கேள்விக்குறி பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின் வரைந்துவிட்டுப் போனார். பென்சில் கொடுத்தால் இப்படி.

செருப்பு இன்னும் உள்ளேதான்.


புரட்டாசி 4, சனி

முதல் சனி. கோவிலில் கூட்டம் தாங்கவில்லை. பெருமாளைப் பார்த்த அந்த ஒரு நொடியில் என்ன கேட்பது என்று வரிசையில் நிற்கும்போதே தயார் செய்து வைத்திருந்தேன். எதிரில் போனதும் மறந்து போயிற்று. சும்மா கும்பிட்டு வந்தேன். தெரியாதா அவருக்கு.

ஒரு பயம் மட்டும் உண்டு. நம் ஆளை நல்லவராக்க இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறோம். அவர் அப்பா பெயரில் அந்தக் கறை போய் ஒட்டினால், கலியபெருமாள் மாமா என்ன பண்ணுவார்? மாட்டுக் கொட்டிலுக்குப் போன முதுகு கண்ணிலேயே நிற்கிறது.


புரட்டாசி 5, ஞாயிறு. மகாளய அமாவாசை

இன்று எழுத நிறைய. கை வலித்தாலும் எழுதிவிடவேண்டும்.

அம்மா மண்டபம். படித்துறையில் கால் வைக்க இடமில்லை. எள், தர்ப்பை, வாழைக்காய், ஈர வேட்டி, தொலைந்த குழந்தைக்கு மைக்கில் அறிவிப்பு. காவிரியில் தண்ணீர் நன்றாகப் போகிறது. மாமா ஒரு சாஸ்திரிகள் முன்னால் வரிசையில் உட்கார்ந்தார். மரகதம் அத்தை கூட்டத்துக்குள்ளிருந்து வந்து என் தோளைத் தட்டினார். தம்பியை அவரே தள்ளிக்கொண்டு வந்து அதே வரிசையில், மாமாவுக்கு நாலு ஆள் தள்ளி உட்கார வைத்திருக்கிறார். இடம் இங்கதான் இருக்கு என்று சொன்னாராம். நாங்கள் இரண்டு பேரும் மேல் படியில்.

சாஸ்திரிகள் ஒவ்வொருவரிடமாக அப்பா பேர், தாத்தா பேர், கொள்ளுத் தாத்தா பேர் கேட்டுக்கொண்டே வந்தார்.

மாமா: ரெங்கசாமி, முத்துக்கருப்பன், ரெங்கசாமி.

மற்றவர்கள் சொன்னது நினைவில்லை. கலியபெருமாள் மாமா முறை வந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சாஸ்திரிகள் காதில் கை வைத்துக்கொண்டு கேட்டார்:

"சத்தமா சொல்லுங்க. அவங்களுக்குக் கேக்க வேணாமா?"

ஆற்றைப் பார்த்தபடி சொன்னார். ரெங்கசாமி. சின்னையன். ரெங்கசாமி.

மாமாவின் கையில் இருந்த எள் தண்ணீர் அப்படியே நின்றது. திரும்பிப் பார்த்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. மரகதம் அத்தை என் கையைக் கிள்ளினார்.

சடங்கு முடிந்ததும் ஈர வேட்டியோடு மாமா அவர் முன்னால் போய் நின்றார். சிலோன் சித்தப்பா பேரும் ரெங்கசாமியா தம்பி என்று கேட்டார். அவர் தலையை மட்டும் அசைத்தார். பிறகு மரகதம் அத்தை சொல்லச் சொல்லக் கதை அவிழ்ந்தது. மறக்காமல் இங்கே:

அண்ணன் முத்துக்கருப்பன், தம்பி சின்னையன். இருவரும் தலைப்பிள்ளைக்குத் தங்கள் அப்பா பெயரையே வைத்தார்கள், ரெங்கசாமி என்று. மருமகள்கள் மாமனார் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். அதனால் வீட்டில் ஒருவர் பெரியதம்பி, இன்னொருவர் சின்னதம்பி. அசல் பெயர் ஒருவர் வாயிலும் வராமல் போயிற்று. பெரியதம்பி மாமாவின் அப்பா. சின்னதம்பி பிற்பாடு சிலோன் சித்தப்பா. சின்னையன் சீக்கிரம் போய்விட, பிள்ளையை வளர்த்தவர் பெரியப்பா முத்துக்கருப்பன். அவரைத்தான் அப்பா என்று கூப்பிட்டார். பட்டாளத்தில் அப்பா பெயர் கேட்டபோது அவர் பெயரைத்தான் சொன்னார். முன்னாலும் பின்னாலும் நின்ற இரண்டு பேருக்கும் ஒரே பெயர், ஒரே தகப்பன். எழுதிக்கொண்டவர் மேல் என்ன குற்றம்! ஒரு ஆளுடைய தாள் இன்னொரு ஆளுடையதாக ஆகிவிட்டது. ஆற்றங்கரையில் மட்டும்தான் சின்னையன் தன் பிள்ளைக்கு அப்பா.

சரி, ஓடினது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அப்போது மாமா சொன்னார்:

"சித்தப்பாவை மாட்டிவிட்டுத்தான் எங்கப்பா பேர் கல்லுல ஏறணும்னா, ஏற வேண்டாம். இதோட விட்டுடுவோம்."

மாமா கையெடுத்துக் கும்பிட்டு நகரப் போனார். மரகதம் அத்தை வழியை மறித்தார். "என்னண்ணே பேசறீங்க? எங்கப்பா ஓடினாருதான். ஓடலைன்னா சிலோன் ஏது, எங்கம்மா ஏது? நானும் இல்லை, இந்தா நிக்கிறானே இவனும் இல்லை."

கலியபெருமாள் மாமா அப்போதுதான் வாயைத் திறந்தார். அப்பா சாகும் வரை ஊருக்குள் போலீஸ் ஜீப் வந்தால் வைக்கோல்போருக்குப் பின்னால் போய்விடுவாராம். பட்டாளம் என்ற வார்த்தையே வீட்டில் கூடாது. சின்ன வயசிலிருந்து அதே பயம் தனக்கும் தொற்றிக்கொண்டது என்றார். கப்பல் ஏறுகிற இடத்தில் கடலைப் பார்த்ததும் ஓடிவிட்டார் என்று அம்மா ஒரு தடவை சொன்னாளாம்.

"கடலைப் பாத்து ஓடினவர், அதே கடலைத் தாண்டித்தானேடா சிலோன் போனார்?" என்றார் மரகதம் அத்தை.

மாமாதான் முதலில் சிரித்தார். நாலு நாள் அல்ல, பல நாள் சேர்த்துவைத்த சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் பிண்டம் வைத்துக்கொண்டிருந்தவர்கள் முறைத்தார்கள். கலியபெருமாள் மாமாவும் சிரித்து, அப்புறம் கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்து. கடைசியில் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"எழுதும்மா. நான் கையெழுத்துப் போடறேன். ஆனா பயந்து ஓடினார்னு எழுதாதே. கடல் ஒத்துக்கலைன்னு எழுது."

சத்தியமாக அப்படியே எழுதுவேன் என்றேன்.


புரட்டாசி 6, திங்கள்

வெயில், மேகம், வெயில். கொலு முதல் நாள். வெள்ளைக் கொண்டைக்கடலைச் சுண்டல். உப்பு ஒரு கல் தூக்கல்.

லால்குடிக்காரர்கள் இருவரும் வந்தார்கள். தெருவுக்குள் நுழையும்போதே சிலிண்டர் ஆள் எதிரில்! நானே நிறுத்தி, எங்க வீட்டுச் சொந்தக்காரங்க என்று அறிமுகம் செய்துவைத்தேன். இதையும் போய்ச் சொல்லட்டும்.

தனபாலைக் கூப்பிட்டோம். காலண்டர் தாளைக் கொலுவுக்கு எதிரில் தரையில் விரித்து, கேள்விக்குறியை அழித்து, கலியபெருமாள் மாமாவே தன் கையால் "சின்னையன் மகன் ரெங்கசாமி" என்று எழுதி, அடியில் அத்தையோடு சேர்ந்து கையெழுத்தும் போட்டார். பிஸ்கட் டின்னை அழிக்க விடவில்லை மாமா. தனபால் தாளையும் பார்த்தார், செம்பையும் தூக்கிப் பார்த்தார். ஆசாரி தப்பா வெட்டலை அண்ணி, நான்தான் தப்பா பேசிட்டேன் என்றார். நான் சுண்டல் இன்னொரு கரண்டி போட்டேன்.

கடிதம் வரும் வரை பெயரைக் கல்லில் வெட்ட முடியாது என்பதில் அவர் மாறவில்லை. மாறவேண்டும் என்று நாங்களும் கேட்கவில்லை. ஆனால் கல்வெட்டு ஆளிடம் சொல்லி மற்ற ஆறு பெயரையும் இரண்டாவது வரியிலிருந்து வெட்டச் சொல்லிவிட்டார். முதல் வரி காலி.

மாமா, அவர்கள் கிளம்பும்போது தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, கல் திறப்புக்கு நேரில் அழைத்தார். மரகதம் அத்தை வாங்கிக்கொண்டார். "அப்பாடா, பத்மா கல்யாணம் இன்னிக்குத்தான் முடிஞ்சுது."

சாயங்காலம் செருப்பைத் தேடினேன், உள்ளே இல்லை. மாமா கரைக்குப் போயிருக்கிறார். இருட்டி வெகுநேரம் கழித்து வந்தார். எதிர்பார்த்தபடி கூட்டாளிகளிடம் பர்மாக் கதையை விட சிலோன் கதைதான் எடுபட்டதாம்.

நோட்டில் இன்று:
இடது: ஒன்றும் இல்லை.
வலது: செம்பு. தர்ப்பணப் பெயர்கள். கலியபெருமாள் மாமா, மரகதம் அத்தை கையெழுத்து. வம்சத் தாள்.


புரட்டாசி 7, செவ்வாய்

ராத்திரியிலிருந்து மழை, இன்னும் விடவில்லை. கொலு விளக்கு காற்றில் இரண்டு தடவை அணைந்தது. சுபா நான் சொல்லச் சொல்ல போனில் இங்கிலீஷாக்கிக்கொண்டாள். "கடல் ஒத்துக்கலைன்னு எழுதினா சிரிப்பாங்கம்மா" என்றாள். சிரிக்கட்டும், வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். தபால் மதியம் போகிறது, செம்பின் போட்டோ, வம்சத் தாளின் நகல் இரண்டோடும். தமிழ் நகல் என் கணக்குக்கு:

ஐயா, வணக்கம். நீங்கள் அனுப்பிய தாள் எங்கள் மாமனாரின் தகப்பனாருடையது அல்ல. அவர் எண் 8-ல் முடியும். அவர் ஓடவில்லை. பர்மா போய், காலில் குண்டு வாங்கி, திரும்பி வந்து எங்கள் தெருவில் முதல் குடிசை போட்டார். 9-ல் முடியும் எண் அவருடைய சித்தப்பா மகனுடையது. அவர் கடல் ஒத்துக்கொள்ளாமல் சென்றுவிட்டார். இருவருக்கும் ஒரே தாத்தாவின் பெயர். இருவரும் அப்பா என்று ஒருவரையே சொல்லிவிட்டார்கள். இது எங்கள் வீட்டுப் பழக்கத்தால் வந்தது, உங்கள் தவறு இல்லை. 9-ம் எண்ணில் தகப்பனார் பெயரைச் சின்னையன் என்று மாற்றவும். அவர் ஓடினார் என்ற குறிப்பை அழிக்கவேண்டாம், அவர் ஓடியதால்தான் நாங்கள் பிறந்தோம், அது எங்களுக்கு வேண்டும் என்று அவர் பிள்ளைகள் இருவரும் கேட்டுக்கொள்கிறார்கள். 8-ம் எண்ணுக்கு உரிய தாளைத் தேடி எங்களுக்கு அனுப்பவும். கல்லில் முதல் வரியைக் காலியாக விட்டுவைத்திருக்கிறோம். சீக்கிரம் பதில் போடுங்கள்.